அளவாகக் குடிப்பதை அளந்து பார்க்கும் முறை: இதயம், சர்க்கரை, கொழுப்பு

மது அருந்துவோரில் பெரும்பாலானோர் தம்மை அளவாகக் குடிப்பவர்கள் என்றே கருதுகின்றனர். அந்த அளவு எவ்வளவு என்று கேட்டால், அவர்கள் இப்போது குடித்துக்கொண்டிருக்கும் அளவாகவே அது பெரும்பாலும் இருக்கும். சிறிது குடிப்பது இதயத்துக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்துகொண்டால், எதையும் அளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே குடிப்பதா, குறைப்பதா, விடுவதா என்று முடிவெடுக்கும் முன்பு, குடிக்கும் அளவைக் கிராமிலும், அது உடலில் செய்யும் வேலையை ரத்த அழுத்தமானியிலும் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் பார்த்துவிடுவது நல்லது. அதற்கான முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்: இதுவரை குடிக்காத ஒருவர் இதயத்தைக் காப்பதற்காகக் குடிக்கத் தொடங்குவதற்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை.

முதலில் கிராமில் அளந்துகொள்ளுங்கள்

கிளாஸ், பெக், பாட்டில் ஆகியவை கணக்குக்கு உதவாதவை. அவற்றின் கொள்ளளவும் ஊற்றும் கையும் ஆளுக்கு ஆள் மாறும். ‘ஒரு டிரிங்க்’ என்ற அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். ஆகவே ‘நாளைக்கு இரண்டு’ என்று எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு நம் கோப்பையை எண்ணுவது தவறான விடையையே தரும்.

கணக்கு எளியது. குடித்த மில்லிலிட்டரைப் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் விழுக்காட்டால் பெருக்கி 100ஆல் வகுத்தால் ஆல்கஹாலின் கனஅளவு கிடைக்கும். ஆல்கஹால் நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதை 0.79ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 5 விழுக்காடு பீர் 330 மி.லி. குடித்தால் ஏறக்குறைய 13 கிராம். அதே பீர் 8 விழுக்காடாக இருந்து 500 மி.லி. குடித்தால் 32 கிராம். 12 விழுக்காடு ஒயின் 150 மி.லி. என்றால் 14 கிராம். 40 விழுக்காடு விஸ்கியோ பிராந்தியோ ரம்மோ 60 மி.லி. என்றால் 19 கிராம். பீர்தானே குடிக்கிறேன் என்பவர் கடுமையான பீர் ஒன்றிலேயே, விஸ்கி குடிப்பவரின் 60 மி.லி.யைத் தாண்டிவிடுகிறார் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

வீட்டில் ஊற்றிக் குடிப்பவர் ஒரு வாரமாவது மருந்து அளக்கும் மூடியையோ அளவுக் குவளையையோ பயன்படுத்திப் பார்க்க வேண்டும். கண்ணளவுக்கும் உண்மை அளவுக்கும் உள்ள இடைவெளி அப்போது தெரிந்துவிடும். நாள், அளவு, விழுக்காடு, கிராம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வாரக் கடைசியில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த வாரத்தின் மொத்தக் கிராம், ஒரே நாளில் குடித்த அதிகபட்சக் கிராம். பலர் முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். வாரத்துக்கு 90 கிராமை ஐந்து நாட்களில் பிரித்துக் குடிப்பவரும் ஒரே இரவில் குடிப்பவரும் ஒன்றல்ல. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று தனியாகவே வகைப்படுத்துகிறது.

அந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுவது? பிரிட்டன் 2016இல் ஆண், பெண் இருவருக்கும் வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம் என்று வரம்பை நிர்ணயித்தது. ஆஸ்திரேலியாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 100 கிராமுக்கும் ஒரு நாளைக்கு 40 கிராமுக்கும் மிகக்கூடாது என்கிறது. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது. வாரத்துக்கு இரண்டு டிரிங்க், அதாவது 27 கிராம் வரைதான் ஆபத்து குறைவு என்று அது சொல்கிறது. 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த பேராய்வு, 19 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 6 லட்சம் குடிப்பவர்களின் தரவுகளைப் பார்த்து, வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் போகும்போது ஆயுள் குறையத் தொடங்குகிறது என்று கண்டது. நான் 100 கிராமைக் கூரையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். 40 விழுக்காடு மதுவில் அது வாரத்துக்கு ஐந்து 60 மி.லி.தான். கூரை இருக்கிறது என்பதற்காக அதை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று செர்ஜ் ரெனோவும் மிஷெல் த லோர்ஜெரிலும் 1992இல் எழுதிய கட்டுரைதான் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்னும் பின்னும் வந்த பல ஆய்வுகளில், குடிக்காதவர்களைவிடச் சிறிதளவு குடிப்பவர்களுக்கு இதய நோய் குறைவாகவும், அதிகம் குடிப்பவர்களுக்கு மிகுதியாகவும் இருப்பதாகத் தெரிந்தது. வரைபடத்தில் இது முதலில் சற்றுக் கீழிறங்கிப் பின்பு மேலேறும் வளைகோடாக விழும்.

அந்தக் கோட்டின் இறங்கும் பகுதி உண்மையானதா என்பதே கேள்வி. குடிக்காதவர்கள் என்ற பட்டியலில் வாழ்நாளில் குடிக்காதவர்களோடு, நோய் வந்தபின் குடியை விட்டவர்களும் கலந்திருக்கிறார்கள் என்று 1988இல் ஜெரால்ட் ஷேப்பரும் அவருடைய குழுவினரும் சுட்டிக்காட்டினர். நோயாளிகள் நிறைந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால் யாரும் நலமாகத்தான் தெரிவார்கள். அதோடு, பல நாடுகளில் சிறிதளவு மட்டும் குடிப்பவர்கள் புகைபிடிப்பது குறைவு, நடப்பது அதிகம், வருமானமும் சற்றுக் கூடுதல். இதயத்தைக் காத்தது கோப்பையா, இவையா என்று பிரித்தறிவது கடினம்.

இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி மரபணு ஆய்வு. ஆல்கஹாலைச் செரிக்கும் நொதிகளில் பிறவியிலேயே வேறுபாடு உள்ளவர்களுக்குச் சிறிது குடித்தாலும் முகம் சிவந்து குமட்டும். அதனால் அவர்கள் இயல்பாகவே குறைவாகக் குடிப்பார்கள். அவர்களுடைய மரபணுவுக்கும் வருமானத்துக்கும் தொடர்பில்லை, உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை. சீனாவில் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், வழக்கமான முறையில் கணக்கிட்டபோது சிறிதளவு குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. மரபணுவை வைத்துக் கணக்கிட்டபோது அந்த நன்மை மறைந்து, குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் சீராக ஏறின. இது 2019இல் வெளியானது. 2022இல் பிரிட்டனின் உயிரித் தரவு வங்கியை வைத்துச் செய்த ஆய்வில், சிறிதளவு குடிப்பவர்களின் வாழ்க்கை முறையைக் கணக்கில் கொண்டதும் அந்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோனது. நேர்மையாகச் சொன்னால், எல்லாத் தரவும் ஒரே பக்கம் சாயவில்லை. மேலே சொன்ன 2018 பேராய்வில் உயிரைப் பறிக்காத மாரடைப்பு மட்டும் குடிப்பவர்களிடம் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வில் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் மகாதமனி வீக்கமும் குடியோடு சேர்ந்து ஏறின என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிறு லாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

‘நல்ல கொலஸ்ட்ரால் கூடுகிறதே’ என்பது அடுத்த வாதம். எச்.டி.எல். கூடுவது உண்மைதான். இஸ்ரேலில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 224 பேருக்கு, இரவு உணவோடு ஒயின் அல்லது தண்ணீர் 150 மி.லி. கொடுத்து இரண்டாண்டு பார்த்த சோதனையில், சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு எச்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் கூடியது. ஆனால் எச்.டி.எல்.லை மருந்தால் உயர்த்தினால் மாரடைப்பு குறையும் என்ற எதிர்பார்ப்பே பின்பு பொய்த்தது. அதைப் பெருமளவு உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, உயிரிழப்பு கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இதயத்தைக் காப்பதாகச் சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளோ சிவப்பு ஒயினில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுத்த அளவை எட்ட வேண்டுமானால், ஒயினை நாள் முழுவதும் குடித்தாலும் போதாது.

இந்தக் கேள்விக்கு முடிவான விடை தர ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்க்கத் திட்டமிட்டு அமெரிக்காவில் தொடங்கிய சோதனை 2018இல் கைவிடப்பட்டது. அதற்கான நிதி பெரும்பாலும் மது நிறுவனங்களிடமிருந்து வந்ததும், அதைத் திரட்டிய விதமும்தான் காரணம். ஆகவே இத்தகைய செய்தி ஒன்றைப் படிக்கும்போது, குடிக்காதவர் என்று யாரைச் சொல்கிறார்கள், இது வெறும் கவனிப்பா சோதனையா, செலவு யாருடையது ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். அவை செய்தியில் இல்லையென்றால் அந்தச் செய்தியை ஒதுக்கிவிடலாம்.

உடலில் என்ன நடக்கிறது

ஆல்கஹாலை உடல் சேமித்து வைக்க முடியாது. எனவே கல்லீரல் மற்ற வேலைகளைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை அதைச் சிதைக்கிறது. 40 கிராம் குடித்தவருக்கு அது நான்கு முதல் ஆறு மணி நேர வேலை. அந்த நேரத்தில் கொழுப்பை எரிக்கும் பணி மந்தமாகி, எரிக்கப்படாத கொழுப்பு டிரைகிளிசரைடாக மாறிக் கல்லீரலில் தங்குகிறது, ரத்தத்திலும் கலக்கிறது. வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். அது ஏறியிருப்பவர்களில் சிலருக்கு மாத்திரையைவிடக் குடியைக் குறைப்பதே அதிகம் இறக்கிக் காட்டுகிறது. 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் அபாயம் உள்ளதால், அத்தகையவர்கள் மதுவை முழுமையாக விட வேண்டும்.

சர்க்கரையில் இது வேறு விதமாக வேலை செய்கிறது. உணவு இல்லாத நேரத்தில் புதிதாகச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்துக்குத் தருவது கல்லீரலின் பொறுப்பு. ஆல்கஹாலைச் சிதைக்கும்போது அந்தத் தயாரிப்பு தடைபடுகிறது. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால், நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோகூடச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். தள்ளாட்டம், குழறல், வியர்வை, குழப்பம் ஆகிய தாழ்சர்க்கரை அறிகுறிகள் போதையைப் போலவே இருப்பதால், அருகில் இருப்பவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஆகவே சர்க்கரை நோயாளி குடிக்கும் நாளில், உடன் இருப்பவர் ஒருவருக்காவது அவருடைய மருந்தும் இந்த அறிகுறிகளும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கும் முன்பு சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் மிகையாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயமும் உண்டு.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு 100 கிராம் என்றால் 700 கலோரி. கலந்து குடிக்கும் குளிர்பானத்தின் சர்க்கரையும், உடன் தின்னும் பொரித்த தீனியும் இதில் சேரவில்லை.

ரத்த அழுத்தம்தான் அமைதியாக ஏறுவது. 2023இல் வெளியான தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு 12 கிராம் குடிப்பவர்களின் மேல் அழுத்தம் சில ஆண்டுகளில் குடிக்காதவர்களைவிட 1.25 புள்ளி கூடுதலாகவும், 48 கிராம் குடிப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 புள்ளி கூடுதலாகவும் ஏறியதைக் கண்டது. கோடு நேராக ஏறியதே தவிர, தொடக்கத்தில் எங்கும் இறங்கவில்லை. இதயத் துடிப்பும் அப்படியே. விடுமுறைக் குடிக்குப் பின் நெஞ்சு படபடவென்று தாளம் தப்பி அடிப்பதை 1978இல் மருத்துவர்கள் ‘விடுமுறை இதயம்’ என்று பெயரிட்டு விவரித்தனர். அது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு, பக்கவாதத்துக்கு வழி திறப்பது. அந்தக் கோளாறு உள்ள 140 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வந்தது: வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், விட முயன்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் ஆறு மாதத்துக்குள் அது திரும்பியது.

புற்றுநோயைப் பற்றி இங்கே விரித்துப் பேசவில்லை. எனினும் 1988 முதல் மது மனிதரில் புற்றுநோய் விளைவிப்பதாக உறுதியான பொருட்களின் பட்டியலில் இருப்பதும், எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதற்கு அதுவே முதன்மைக் காரணம் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

யார் அளக்காமலேயே விட வேண்டும்

கருவுற்றிருப்பவர், கருவுறத் திட்டமிடுபவர், கல்லீரல் நோய் அல்லது கணைய அழற்சி வந்தவர், இதயத் தசை பலவீனமானவர், துடிப்புக் கோளாறு உள்ளவர், குடி நோயிலிருந்து மீண்டவர் ஆகியோருக்கு ‘அளவு’ என்ற பேச்சே பொருந்தாது. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் போன்றவற்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு கோப்பைகூட எடுக்கக்கூடாது. குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு, அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்குகிறது; பழகினால் சரியாகிவிடும் என்று தொடர்வது உணவுக்குழாய்ப் புற்றுநோயை வரவழைப்பதாகும்.

நான்கு வாரச் சோதனை

மேலே சொன்னவை எல்லாம் கூட்டத்தின் சராசரி. உங்கள் உடலில் எவ்வளவு என்பதை நான்கு வாரம் குடிக்காமல் இருந்து அளந்து பார்க்கலாம். ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களும், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்களும், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர்களும் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதற்கடுத்த நாட்களில் உயிருக்கே ஆபத்தான சித்தப்பிரமையும் வரலாம். மருத்துவக் கண்காணிப்பில் மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

மற்றவர்கள் தொடங்கும் முன்பு ஒரு வாரம் வழக்கம்போல் இருந்து ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுங்கள். எடையையும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வயிற்றின் சுற்றளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரம் முடிந்தபின் ஒரு நாள் வெறும் வயிற்றில் கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல் நொதிகள், குறிப்பாக ஜி.ஜி.டி. ஆகியவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். முந்தைய இரவு குடித்திருந்தால் டிரைகிளிசரைடு பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், முந்தைய மூன்று நாட்கள் குடிக்காமல் இருப்பது நல்லது.

பின்பு நான்கு வாரம். இந்த நாட்களில் உணவையும் நடையையும் மருந்தையும் மாற்றாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தினால், எது எதனால் இறங்கியது என்று தெரியாது. கோப்பையின் இடத்தை இனிப்புப் பானத்தால் நிரப்பினாலும் சோதனை கெட்டுவிடும். முதல் வாரம் தூக்கம் சரியாக வராமல் போகலாம். மது விரைவாகத் தூங்கவைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது என்பது அதற்குப் பின்பே புரியும்.

நான்காம் வாரம் அதே முறையில், அதே கருவியில், அதே ஆய்வகத்தில் அளந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரைகிளிசரைடும் ஜி.ஜி.டி.யும் இந்தக் காலத்துக்குள் மாற்றம் காட்டக்கூடியவை. எச்.டி.எல். சற்று இறங்கியிருந்தால் கலங்க வேண்டியதில்லை. காரணம் மேலே சொன்னதுதான். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தினால் முழு மாற்றமும் தெரியாது. எந்த எண்ணும் அசையவில்லை என்றால், உங்கள் அளவு உண்மையிலேயே சிறியதாக இருக்கலாம், அல்லது உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் வேறு காரணம் இருக்கலாம். அதுவும் மருத்துவருக்குப் பயனுள்ள செய்திதான். நான்கு வாரத்தை முடிக்கவே முடியவில்லை என்றால், அந்த ஒரு விவரம் எல்லாப் பரிசோதனை எண்களையும்விட முக்கியமானது.

மீண்டும் குடிக்க முடிவு செய்பவர்கள் பழைய அளவிலிருந்து தொடங்காமல், தாளில் எழுதிய ஒரு வார வரம்பிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாட்களாவது குடிக்காத நாட்களாக இருக்கட்டும்; ஆனால் அந்த நாட்களின் பங்கை வார இறுதிக்குச் சேர்த்து வைக்கக்கூடாது. உணவோடு, மெதுவாக, இடையிடையே தண்ணீர் குடித்து, படுக்கைக்குச் சில மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது உச்ச அளவைத் தணிக்கும். உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே எடையுள்ள ஆணுக்கு ஏறுவதைவிடப் பெண்ணுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அதிகம் ஏறும், முதியவர்களுக்கும் அப்படியே. எட்டு வாரம் கழித்து ரத்த அழுத்தத்தையும் டிரைகிளிசரைடையும் மீண்டும் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாள்களை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். குடிப்பீர்களா என்ற கேள்விக்கு ‘எப்போதாவது’ என்று பதில் சொன்னால் மருத்துவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதுதான் அப்போது அவருக்கு எஞ்சும் வழி. வாரத்துக்கு 140 கிராம், ஒரே நாளில் அதிகபட்சம் 60 கிராம், நிறுத்திய நான்கு வாரத்தில் மேல் அழுத்தம் இத்தனை புள்ளி இறங்கியது என்று எழுதியிருந்தால், அந்த மாத்திரை தேவைதானா என்பதிலிருந்து அவர் பேச்சைத் தொடங்க முடியும்.